தொகையாகத் திரும்பிய குழு: ‘மொஹீனேர் கோராகுலி’யின் 1995ஆம் ஆண்டுப் பாடல் தொகுப்பு – ஒரு திறனாய்வு

பல்லாண்டுகள் கழித்துத் திரும்பி வரும் இசைக்குழுவொன்றின் புதிய தொகுப்பைத் திறனாய்வது எளிய செயலன்று. பழைய பாடல்களின் சாயலில் குழு பாடினால் அது நினைவுக் கச்சேரி எனப்படும். சாயலை மாற்றிக்கொண்டால் பழைய குரல் போயிற்று எனப்படும். ஜமைக்காவில் 1950களின் இறுதியில் ஊதுகருவிகளோடு பிறந்த ‘ஸ்கா’ எனும் ஆடலிசையும், 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளர்ந்த ‘பங்க்’ எனும் எதிர்ப்பிசையும் கலந்து உருவான ஸ்கா-பங்க் குழுக்களுக்கும் இன்று இந்த நிலைதான். இளமைச் சினத்தை முதலாகக் கொண்டு தொடங்கிய குழு, நரை கண்ட பின் எதைப் பாடுவது என்ற வினா மேலை இசைத் திறனாய்வில் ஓயாது எழுந்துகொண்டிருக்கிறது.

இவ்வினாவிற்கு வேறெங்கும் எளிதில் காணவியலாத விடையொன்றை 1995இல் கொல்கத்தாக் குழு ஒன்று அளித்தது. 1975இல் தோன்றி 1981இல் கலைந்த ‘மொஹீனேர் கோராகுலி’ எனும் அக்குழு, பதினான்கு ஆண்டு அமைதிக்குப் பின் ‘ஆபார் பொச்சோர் குரி பொரே’ (மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்) என்ற தொகுப்புடன் வந்தது. பாடகராக மட்டுமன்றித் தொகுப்பாசிரியராகவும் அது வந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. தொகை நூல்களைத் தன் இலக்கியத் தொடக்கமாகக் கொண்ட தமிழுக்கு இச்செய்தி அயலானதன்று. எனவே இத்தொகுப்பைத் தமிழ்த் தொகை மரபின் அளவுகோல்களைக் கொண்டு மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

வங்க இலக்கியத்தைத் தமிழர் அறியாதவரல்லர். த. நா. குமாரசுவாமி, த. நா. சேனாபதி ஆகியோர் தொடங்கி, அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யைத் தந்த சு. கிருஷ்ணமூர்த்தி வரை மொழிபெயர்ப்பாளர் பலரின் உழைப்பால் வங்கப் புதினம் தமிழ் வீடுகளுக்குள் உறவினர்போல் நுழைந்தது. ஆனால் தாகூருக்குப் பிந்தைய வங்கப் பாடல் அவ்வாறு வரவில்லை. பாடலை இலக்கியமாகக் கருதத் தயங்கும் மனப்போக்கும், பாடல் என்றாலே திரைப்பாடல் எனக் கொள்ளும் வழக்கமும் இதற்குக் காரணங்கள் எனலாம்.

பெயர்

குழுவின் பெயருக்கு ‘மொஹீனின் குதிரைகள்’ என்று பொருள். ஜீவனானந்த தாஸின் (1899–1954) ‘கோரா’ எனும் கவிதையில் வரும் தொடர் இது. ‘சாத்டி தாரார் திமிர்’ (ஏழு விண்மீன்களின் இருள், 1948) என்ற தொகுதியில் அக்கவிதை இடம்பெற்றுள்ளது. நிலவொளியில் மேயும் குதிரைகளின் வழியே மிகத் தொன்மையான காலமும் நிகழ்காலமும் ஒரே வெளியில் வந்து நிற்கும் கவிதை அது. மொஹீன் யார், அவனுக்குக் குதிரைகள் எப்படி வந்தன என்பதற்கு அதில் விளக்கமில்லை. பெயர் மட்டும் நிற்கிறது.

குழு இப்பெயருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. எழுவர் கூடியதால் முதலில் ‘சப்தரிஷி’ (எழுமீன்) என்றும், பின்னர் ‘தீரந்தாஜ்’ (வில்லாளி) என்றும், அதன்பின் பழைய நாடகக் கம்பெனி விளம்பரங்களை எள்ளும் தொனியில் ‘கௌதம் சட்டோபாத்யாய பி.எஸ்சி. குழுவினர்’ என்னும் பொருள்படவும் அது தன்னை அழைத்துக்கொண்டது. இறுதியில் ரஞ்சன் கோஷால் கூறிய ஜீவனானந்தத் தொடர் நிலைத்தது. விண்மீன், வில், பட்டம் என்று அலைந்த பெயர், கவிதையொன்றின் தொடரில் வந்து தங்கியது என்பதே குழுவின் நோக்கைக் காட்டப் போதுமானது.

தமிழ் ஆய்வாளருக்கு இவ்விடத்தில் தொடராற் பெயர்பெற்ற சங்கப் புலவர்கள் நினைவிற்கு வருவர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் முதலியோரின் இயற்பெயர்கள் மறைய, அவர்தம் பாடலில் நின்ற தொடரே பெயராயிற்று. குறுந்தொகையின் 74ஆம் பாடலைப் பாடியவர் ‘விட்ட குதிரையார்’ என்பது கொல்கத்தாக் குதிரைகளோடு ஒப்பிடுகையில் சுவையான உடனிகழ்வு. இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. சங்கப் புலவரின் பெயர் அவரது சொந்தத் தொடரிலிருந்து தொகுப்பாளரால் எடுக்கப்பட்டது. கொல்கத்தாக் குழு மற்றொருவரின் தொடரைத் தானே எடுத்துச் சூடிக்கொண்டது. முன்னது இழப்பை ஈடுசெய்யப் பிறந்த பெயர்; பின்னது மரபுரிமை கோரிப் பிறந்த பெயர். மரபுரிமையிலும் தாகூரை விடுத்து ஜீவனானந்தத்தைத் தேர்ந்தது தற்செயலன்று. ஏறத்தாழ 2,200 பாடல்களும், அவற்றிற்கு வரையறுத்த இசைக்குறிப்பும், 2001 முடிய விசுவபாரதியின் பதிப்புரிமைக் காவலும் கொண்டிருந்த தாகூர் இசை, இளைஞர் கைவைக்க இயலாத கோயிலாக இருந்தது. பாடப்படாத கவிஞரான ஜீவனானந்தமோ காவலற்ற வெளியாக இருந்தார்.

தமிழகத்தில் 2017இல் உருவாகி 2018 சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவும் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்தாக்கத்திலிருந்தே தன் பெயரைப் பெற்றது. இசைக்குழு தன் பெயரைப் பனுவலொன்றிலிருந்து எடுக்கும்போது, எந்த மரபிற்குத் தான் வாரிசு என்பதை முதற்பாடலுக்கு முன்பே அறிவித்துவிடுகிறது.

மூன்று இசைத்தட்டுகள்

1995ஆம் ஆண்டுத் தொகுப்பை மதிப்பிட அதன் முன்வரலாறு இன்றியமையாதது. கௌதம் சட்டோபாத்யாய, ரஞ்சன் கோஷால், தபஸ் தாஸ், தபேஷ் பந்த்யோபாத்யாய, ஆபிரகாம் மஜும்தார், விஸ்வநாத் சட்டோபாத்யாய, பிரதீப் சட்டோபாத்யாய ஆகிய எழுவர் குழுவின் முதல் உறுப்பினர். பின்னர்த் தபேஷின் இடத்தில் ராஜா பானர்ஜி சேர்ந்தார். கௌதம், நக்சல்பாரி இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறைப்பட்டவர். விடுதலைக்குப் பின் சில காலம் வங்கத்திற்கு வெளியே வாழ நேர்ந்தவர். கிட்டார், வயலின், சாக்சபோன், புல்லாங்குழல், டிரம்ஸ் ஆகியவற்றோடு பாவுல் நாடோடிப் பாடலின் சாயலையும் ஜாஸ் இசையையும் இணைத்த தம் இசையை அவர்கள் ‘பாவுல் ஜாஸ்’ என்றழைத்தனர்.

1977, 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கொன்றாக மூன்று சிறு இசைத்தட்டுகள் வெளிவந்தன. மூன்றிலும் சேர்த்து எட்டே பாடல்கள். அவற்றின் தலைப்புகளே தனியாய்வுக்குரியன. முதலாவது, ‘ஷங்பிக்ன பாக்கிகுல் ஓ கொல்கத்தா பிஷயக்’. ‘கலக்கமுற்ற பறவையினமும் கொல்கத்தா குறித்தும்’ என்று ஒருவாறு தமிழாக்கலாம். கனமான வடசொல்லும் அரசு ஆவணத்தின் ‘குறித்து’ என்னும் சொல்லும் பறவையோடு முட்டிக்கொள்ளும் நகைமுரண் அதிலுண்டு. இரண்டாவது, ‘அஜானா உடந்த போஸ்து பா அ-உ-ப’. வானில் தென்படும் இனந்தெரியாப் பறக்கும் பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கத்தை வங்கத்தில் பெயர்த்து, அதற்கொரு வங்கச் சுருக்கமும் அமைத்துக்கொண்ட தலைப்பு. தமிழில் ‘அறியாப் பறக்கும் பொருள் அல்லது அ.ப.பொ.’ என்றாகும். கலைச்சொல்லாக்கக் குழுக்களில் அமர்ந்து பழகிய தமிழாசிரியர் எவரும் இவ்விடத்தில் சிரிக்காமலிருக்க இயலாது. மூன்றாவது, ‘த்ரிஷ்யமான் மொஹீனேர் கோராகுலி’, அதாவது ‘கண்ணுக்குத் தெரியும் மொஹீனின் குதிரைகள்’. இதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்தோம் என்ற குறிப்பு அதனுள் பொதிந்துள்ளது. உண்மையிலேயே அவர்கள் கண்ணுக்குத் தெரியாதவராகவே இருந்தனர். அன்றைய வங்கக் கேட்போர் இவ்விசையைப் பெரிதும் ஏற்கவில்லை. 1978இல் ஸ்டார் அரங்கிலும் 1980இல் கொல்கத்தாப் பன்னாட்டு ஜாஸ் விழாவிலும் பாடியும், 1981இல் குழு கலைந்தது. உறுப்பினர் பிழைப்பு நாடிப் பல ஊர்களுக்கும் பல நாடுகளுக்கும் பிரிந்தனர்.

முதல் இசைத்தட்டின் ‘ஹாய் பாலோபாஷி’ என்ற பாடல் சற்று நின்று நோக்கத்தக்கது. நகரத்துப் படித்த இளைஞன் தான் விரும்புவனவற்றை அடுக்குகிறான். பிக்காசோ, பூனுவேல், தாந்தே, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர் என அவ்வடுக்கு நீள்கிறது. பிறகு, எதுவும் உவப்பதில்லை என்று பாடல் திரும்புகிறது. ஊர்ப்புறத்திலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்தி உழைப்போரைக் காண்கையில் அவ்விருப்பங்கள் அனைத்தும் சுவையிழக்கின்றன. நற்காலம் வந்தால் எல்லாவற்றையும் சேர்த்து விரும்பலாம் என்று அது முடிகிறது. உழைப்போரைச் சுட்டும் சொற்கள், தாகூரின் இறுதிக்கால நூலான ‘ஆரோக்ய’த்தில் (1941) உள்ள கவிதையொன்றை வங்க வாசகர்க்கு உடனே நினைவூட்டுவன. கோயிலை விட்டு வெளியேறியவர்களின் பையிலும் கோயில் விபூதி இருந்தது எனலாம்.

இப்பாடலின் வலிமை அவ்வடுக்கில் உள்ளது. வெறும் புலமைப் பகட்டாகத் தோன்றும் பெயர்ப்பட்டியல், பாடல் திரும்பியவுடன் குற்றப்பத்திரிகையாக மாறிவிடுகிறது. கலையை வெறுக்கும்படி அது கூறவில்லை. கலையை முழுமையாக விரும்பும் உரிமை தனக்கு இன்னும் வாய்க்கவில்லை என்றே கூறுகிறது. சிறையிலிருந்து மீண்ட ஒருவரைத் தலைமையாகக் கொண்ட குழு, நெருக்கடி நிலை விலக்கப்பட்டு இடதுசாரி முன்னணி ஆட்சியேறிய 1977ஆம் ஆண்டில் முழக்கமேதுமின்றி இதனைப் பாடியது. லண்டனில் பங்க் இசை உச்சம் தொட்டதும் இதே ஆண்டில்தான். அங்கே சினம் வெளியே வீசப்பட்டது; இங்கே அது தன்னை நோக்கித் திருப்பப்பட்டது. ஒரே ஆண்டின் இரு நகரங்கள் என்பதைத் தாண்டி இவ்வொப்பீட்டை நீட்டிப்பது பொருந்தாது.

புத்தகக் கண்காட்சியில் ஒலிநாடா

1981க்கும் 1995க்கும் இடையே இரண்டு செய்திகள் நிகழ்ந்தன. ஒன்று, கௌதம் திரைத்துறைக்குச் சென்றார். அவர் இயக்கிய ‘நாக்மதி’ (1983) சிறந்த வங்கத் திரைப்படத்திற்கான தேசிய விருதினைப் பெற்றது. மற்றொன்று, 1992இல் சுமன் சட்டோபாத்யாய (இன்றைய கபீர் சுமன்) வெளியிட்ட ‘தொமாக்கே சாய்’ தொகுப்பு வங்கத்தின் செவியையே மாற்றியது. ஒருவரே எழுதி, இசையமைத்து, கிட்டாருடன் பாடும் முறை மக்களால் கொண்டாடப்பட்டது. மொஹீனின் குதிரைகள் 1977இல் தட்டிய கதவு பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறொருவரால் திறக்கப்பட்டது எனலாம்.

இந்நிலையில் 1995ஆம் ஆண்டுக் கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் ‘ஆபார் பொச்சோர் குரி பொரே’ வெளியாயிற்று. இத்தலைப்பும் ஜீவனானந்தத்திடமிருந்து பெற்றதே. ‘பனலதா சென்’ (1942) தொகுதியில், பிரிந்த காதலியை இருபதாண்டுக்குப் பின் மீண்டும் காண்பதை எண்ணிப் பார்க்கும் கவிதையின் தொடக்கத் தொடர் இது. 1975இல் பிறந்த குழுவிற்கு 1995 என்பது கணக்கிலும் சரியாக இருபதாண்டு. காதலியின் இடத்தில் இங்குக் கேட்போர் நிற்கின்றனர்.

ஒலிநாடா நூல்களுக்கிடையே வெளியிடப்பட்டமை வெறும் வணிக ஏற்பாடன்று. அதன் மேல் பொறிக்கப்பட்ட சொல்லோடு சேர்த்து இதனைக் காண வேண்டும். ‘மொஹீனேர் கோராகுலி ஷம்பாதித பாங்லா கான்’ என்று அது தன்னை அறிவித்தது. ‘மொஹீனின் குதிரைகள் பதிப்பித்த வங்கப் பாடல்கள்’ என்பது அதன் பொருள். இதழையும் நூலையும் குறித்து வழங்கும் ‘ஷம்பாதித’ என்ற சொல், பாடலுக்கு இங்கு ஏற்றப்பட்டது. அதே வடசொல் தமிழில் ‘சம்பாதித்த’ என வந்து ‘ஈட்டிய’ எனப் பொருள்படுவது கவனிக்கத்தக்கது. பதிப்பித்தலும் ஈட்டுதலும் ஒரே வேரில் நிற்கின்றன. இத்தொகுப்பின் சிறப்பும் குறையும் இவ்விரு பொருளுக்கும் இடையிலேயே கிடக்கின்றன என்பது பின்னர்ப் புலப்படும்.

கௌதம் தம் பாடல்களோடு பிறர் பாடல்களையும் இதில் சேர்த்தார். இளங்குழுக்கள், தனிப்பாடகர், பழைய நண்பர் எனப் பலர் வந்தனர். 1990இல் தோன்றிய ‘கிராஸ்விண்ட்ஸ்’ குழு அவர்களுள் ஒன்று. இம்முறையிலேயே ‘ஜரா ஷொமயேர் கான்’, ‘மாயா’, ‘க்யாபார் கான்’ என மேலும் மூன்று தொகுப்புகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்தன. இவ்வரிசையின் வழியே பொதுக் கேட்போரை அடைந்தவருள் குறிப்பிடத்தக்கவர் அருணேந்து தாஸ். கிட்டாருடன் வங்கப் பாடல் இயற்றியோருள் முன்னோடியான அவர், பிழைப்பின் பொருட்டு இங்கிலாந்தில் வாழ்ந்தவர். அவருடைய பாடல்கள் இசைத்தட்டில் ஏறாமல், கல்லூரி விடுதிகளிலும் நண்பர் கூட்டங்களிலும் வாய்வழியே பரவி வந்தவை. யார் எழுதியது என்று அறியாமலே பலர் அவற்றைப் பாடினர்.

வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் தேடி, தெரிந்து, வரிசைப்படுத்தி, ஒரு பெயரின் கீழ் நிறுத்துதல் என்ற இப்பணியைத் தமிழ் மரபு ‘தொகுத்தல்’ என்னும். குறுந்தொகையைத் தொகுத்தான் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தார் கூடலூர் கிழார், தொகுப்பித்தான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தார் உருத்திரசன்மர், தொகுப்பித்தான் உக்கிரப்பெருவழுதி. கொல்கத்தாவில் தொகுப்பித்த மன்னன் எவனுமில்லை. வணிக நிறுவனங்கள் பொருட்படுத்தாதிருந்த பாடல்களுக்குக் கலைந்துபோன குழுவொன்று தன் பெயரையே முதலீடாக ஈந்தது. தன் பழம்புகழைத் தானே துய்க்காமல் அறியப்படாதவர்க்குப் பகிர்ந்தளித்த மூத்த குழுக்கள் மிகச் சில. மீள்வருகைத் தொகுப்புகளின் வரிசையில் இதன் தனியிடம் இதனால் அமைகிறது.

அண்மையும் சேய்மையும்

தொகுப்பின் பாடல்களுள் கௌதம் இயற்றிய ‘ப்ரிதிபீட்டா நாகி’ மிகப் பெரும் புகழ் எய்தியது. செயற்கைக்கோளும் கேபிள் தொலைக்காட்சியும் உலகைச் சுருக்கி வரவேற்பறைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டன என்றும், வீட்டிலிருந்தே உலகை அறியும் அக்காலத்தில் நீயும் நானும் விண்மீன்களினும் தொலைவாக விலகிச் செல்கிறோம் என்றும் அது கூறுகிறது. இந்திய வீடுகளுக்குள் கேபிள் தொலைக்காட்சி நுழைந்து மூன்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது.

உலகின் அண்மையைப் பேசும் பாடலைக் கேட்டவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் கணியன் பூங்குன்றனார் தோன்றுவது இயல்பு. ஆயினும் அவ்வொப்புமை மேலோட்டமானது. பூங்குன்றனார் உலகின் விரிவை ஏற்று, அவ்விரிவிலேயே உறவைக் காண்கிறார். கொல்கத்தாப் பாடல் உலகின் சுருக்கத்தை ஏற்று, அச்சுருக்கத்தில் பிரிவைக் காண்கிறது. இதற்கு நெருங்கிய உறவு புறத்தினும் அகத்திலேயே, குறிப்பாகப் பாலைத்திணையில் உள்ளது. பாலையில் பிரிவு நேர்வது தலைவன் சுரம் கடந்து செல்வதால். இங்கோ ஒருவரும் எங்கும் செல்லவில்லை. இருவரும் ஒரே அறையில் ஒரே பெட்டியின் முன் அமர்ந்திருக்கின்றனர். செலவு இல்லாத பாலை என்று இதனைக் கூறலாம். சங்கத் திணைக் கோட்பாட்டைப் புதுக்கவிதைகளோடு மட்டும் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் இத்தகைய பாடல்களையும் கருத வேண்டும்.

எனினும் இப்பாடலைச் ‘ஹாய் பாலோபாஷி’யின் அருகில் வைத்தால் ஓர் இழப்பும் தெரிகிறது. 1977இல் பாடல் அளந்த தொலைவு, பாடுபவனுக்கும் வயலிலும் துறைமுகத்திலும் உழைப்பவர்க்கும் இடையிலானது. 1995இல் அது ‘நீ’க்கும் ‘நா’னுக்கும் இடையிலானது. ‘அவர்கள்’ பாடலிலிருந்து மறைந்துவிட்டனர். இது சமூகத்தின் மாற்றம், பாடலின் குற்றமன்று என வாதிடலாம். தொண்ணூறுகளின் நடுத்தர வகுப்பு வரவேற்பறையில் ‘அவர்கள்’ இல்லை என்பதைப் பாடல் உண்மையாகவே பதிவு செய்தது என்பதும் ஒரு வாதம். ஆனால் முதற்பாடல் அவ்வின்மையைத் தன் குற்றமாக உணர்ந்தது. பிற்பாடல் அதனை உணரவேயில்லை. உலகம் சுருங்கிற்று என்று வருந்தும் பாடலின் உலகமும் சுருங்கியிருக்கிறது. மொழி எளிமையாகி, மெட்டு எவரும் முணுமுணுக்கத்தக்கதாகி, முன்பு கேளாதவரெல்லாம் கேட்டனர் என்பதும் இதனோடு சேர்த்துக் கூறவேண்டிய உண்மை. ‘கலக்கமுற்ற பறவையினம்’ என்ற தலைப்பைத் தாங்கவியலாத செவிகள் இதனைத் தாங்கின. எது நல்ல பாடல் என்று கேட்டால் 1977இன் பாடலையே சுட்ட வேண்டும்; எது தேவைப்பட்ட பாடல் என்றால் 1995இன் பாடலை.

கௌதம் இச்சுருக்கத்தோடு நின்றுவிடவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. பாவுல் பாடகரோடு கொண்ட உறவும், அசாமின் கார்பி மக்களிடையே அவர் மேற்கொண்ட கலைப்பணியும் வரவேற்பறைக்கு வெளியே அவரை இட்டுச் சென்றன. 1999 ஜூன் 20 அன்று அவர் மறைந்தார்.

பெயர் மறைதல்

தொகுத்தலின் மறுபக்கம் இனிக் காணத்தக்கது. இத்தொகுப்புகளின் பாடல்கள் அனைத்தும் ‘மொஹீனின் பாடல்கள்’ என்றே இன்று வங்கத்தில் வழங்குகின்றன. கல்லூரி விழாக்களில் பாடுவோரும் கேட்போரும் அருணேந்து தாஸின் பாடலையும், பிற குழுக்களின் பாடலையும், கௌதமின் பாடலையும் பிரித்தறிவதில்லை. ஒலிநாடாவின் உறையில் எது அச்சாகியிருந்தது என்பது ஒரு செய்தி. மக்கள் நினைவில் எது எஞ்சியது என்பது வேறொன்று. பதிப்பித்த பெயர் பாடல்களை ஈட்டிக்கொண்டது. ‘ஷம்பாதித’, ‘சம்பாதித்த’வாயிற்று.

குறுந்தொகைப் பாடல்களை எவரும் பூரிக்கோவின் பாடல்கள் என்பதில்லை. ஏன் இவ்வேறுபாடு? தொகுப்பாளன் பெயர் நூலின் இறுதிக்குறிப்பிலும், புலவர் பெயர் ஒவ்வொரு பாடலின் அடியிலும் நிற்கும்படி தமிழ்த் தொகை மரபு அமைந்தது. இயற்பெயர் கிடைக்காதபோது பாடலின் தொடரையே பெயராக்கியேனும் அவ்விடத்தை அது நிரப்பியது. பாடலைப் பொறுத்தவரை இதனினும் நுட்பமான சான்று பரிபாடல். எழுபதில் எஞ்சிய இருபத்திரண்டு பாடல்களுள் பெரும்பாலானவற்றிற்கு இயற்றிய புலவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும், பண்ணும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. கண்ணனாகனார், நன்னாகனார், பெட்டனாகனார் போன்ற இசை வகுத்தோர் இன்றளவும் பெயரோடு நிற்பது அக்குறிப்புகளால்தான். பாட்டு என்பது குறைந்தது இருவரின் படைப்பு என்பதையும், இருவர்க்கும் பெயர் உண்டு என்பதையும் அம்முறை ஐயமின்றி ஏற்றது. இன்றைய தமிழ்த் திரைப்பாடல்களைப் பாடகர் பெயராலும் நடிகர் பெயராலும் சுட்டும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டால் நாணமே மிஞ்சும்.

கொல்கத்தாத் தொகுப்பிற்கு நேர்ந்ததன் தொடர்ச்சி 2006இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த ‘கேங்ஸ்டர்’ எனும் இந்தித் திரைப்படத்தில் பிரீதம் இசையமைப்பில் வங்கதேசப் பாடகர் ஜேம்ஸ் பாடிய ‘பீகி பீகி’ என்ற பாடல் ‘ப்ரிதிபீட்டா நாகி’யின் மெட்டில் அமைந்தது. நாடெங்கும் பரவிய அம்மெட்டைத் தமிழகத்தில் கேட்டோருள் கௌதம் சட்டோபாத்யாய என்ற பெயரை அறிந்தவர் அரியர். சொற்கள் வேறாகி, மொழி வேறாகி, வரவேற்பறையும் செயற்கைக்கோளும் நீங்கி, மழையில் நனைந்த காதல் மட்டும் அதில் எஞ்சியது. செலவு இல்லாத பாலையாக இருந்த பாடல் வழக்கமான பிரிவுப் பாடலாக மாறிற்று. மெட்டுக்குச் சொல் பொருந்துவது வேறு, மெட்டின் பொருள் சொல்லோடு போய்விடுவது வேறு என்பதற்கு இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்பதைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கௌதமின் மறைவிற்குப் பின் தொகுக்கும் முறையும் நின்றுபோனது எனக் கூறவியலாது. மூத்த உறுப்பினரான தபஸ் தாஸ் 2015இல் ‘மொஹீன் ஏகோன் ஓ பொந்துரா’ (மொஹீன், இப்போது, நண்பர்கள்) என்ற பெயரில் தொகுப்பொன்றை வெளியிட்டார். குழுவின் பெயர் அதில் முதற்சொல்லாகக் குறுகி, ‘நண்பர்கள்’ என்ற சொல் தலைப்பிற்குள்ளேயே இடம்பெற்றது. ரஞ்சன் கோஷால் 2020இலும் தபஸ் தாஸ் 2023இலும் காலமாயினர். எட்டுப் பாடல்களை மட்டும் தம் இசைத்தட்டுகளில் விட்டுச் சென்ற எழுவருள் யார் எந்த அடியை எழுதினார், எந்த மெட்டை யார் வகுத்தார் என்பதைக் கேட்டறிந்து குறிக்க, உடனிருந்தோர் சிலர் இன்னும் வாழ்கின்றனர்.